பிரேக்குக்கு அடியில் சாமி பழம்

எங்கள் காரில் எஞ்சின் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டால் என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழத்தை எப்போது மாற்றியது என்று கேட்டால் கிழமை, நேரம், ராகுகாலத்துக்கு முன்னாலா பின்னாலா என்பது வரை சொல்வார். வண்டியைப் பராமரிப்பது என்றால் அவருக்கு அதுதான். வெள்ளிக்கிழமை பழம், அமாவாசைக்குப் பூசணிக்காய், ஆயுத பூஜைக்கு இரண்டு வாழைக்கன்று. டயரில் காற்று இருக்கிறதா என்று நான் கேட்டால், "காத்து இல்லன்னா வண்டி எப்படி நிக்கும்?" என்பார்.

ஒரு ஆயுத பூஜையன்று வண்டியின் பின்பக்கம் நான்கு வட்டப் பொட்டுகள் இருப்பதைப் பார்த்துவிட்டார். கை சும்மா இருக்குமா? நான்குக்கும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஏதாவது இருந்தால் கத்துகிற சென்சார்கள் அவை. அதற்குப் பிறகு மூன்று நாள், பின்னால் வெட்டவெளியாக இருந்தாலும் வண்டி கீங் கீங் என்று அலறியது. காற்று கருப்பு ஏதோ பின்சீட்டில் ஏறிவிட்டது என்று முடிவு செய்து இன்னொரு எலுமிச்சம்பழம் கட்டினார். நான் ஈரத்துணியால் பொட்டுகளைத் துடைத்தேன். அலறல் நின்றது, பெயர் எலுமிச்சம்பழத்துக்குப் போனது. எனக்கு ஏற்கெனவே முன்கோபம். இந்த மாதிரி விஷயங்களில் அது இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும்.

வண்டிக்குள் செருப்புக் காலோடு ஏறக்கூடாது என்பது இன்னொரு சட்டம். டேஷ்போர்டில் கட்டைவிரல் உயரத்துக்கு முருகன் இருக்கிறார், அவர் எதிரில் செருப்பா? எல்லோரும் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். அவர் இருபது வருஷமாக வெறுங்காலில்தான் ஓட்டினார். பிரேக்கைத் தொட்டால் பாதத்துக்கே தெரிய வேண்டும் என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார்.

அந்தப் பாதத்துக்குத்தான் ஒரு நாள் எதுவும் தெரியாமல் போயிற்று. சர்க்கரை. சோதித்துப் பார்த்த டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு மெல்லிய நைலான் நரம்பால் வலது உள்ளங்காலைத் தொடுவேன், தொடும்போது சொல்லுங்கள் என்றார். இவர் உடனே, "ஆங், தெரியுது டாக்டர், கூசுது" என்று காலை இழுத்துக்கொண்டார். டாக்டர் அப்போது நரம்பை உறையிலிருந்தே எடுக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று இந்தக் காலுக்குத் தெரியாது, இனி நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

அந்தச் சீட்டை இவர் முருகனுக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டுத் திரும்பி வரும்போதும் தானே ஓட்டினார்.

அடுத்த வாரம் எங்கள் வாசல் கேட்டை ஒரு இடி இடித்தார். பிரேக்கை மிதித்ததாகத்தான் சொன்னார். கேட் மட்டும் வேறு மாதிரி சொன்னது. அதற்குப் பிறகு சாவியை நான் என் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் கேட்கவும் இல்லை, டாக்டர் சொன்னதை ஒத்துக்கொள்ளவும் இல்லை. கால் கொஞ்சம் மரத்திருக்கிறது, சரியாகிவிடும் என்பதே அவர் கட்சி.

அவருடைய அக்கா வீட்டுக்காரர் அம்மையார்குப்பத்தில் தறி வைத்திருக்கிறார். இவர் அவரைப் பாவா என்று கூப்பிடுவார். சேதி தெரிந்ததும் பாவா ஓடி வந்தார்.

"நின்னுகினே இருந்தா வண்டி கெட்டுப்பூடும். சோளிங்கர்ல நம்ம பார்ட்டி ஒண்ணு இருக்குது. தள்ளிவுட்ரு."

"நான் ஓட்டறேன் அண்ணா" என்றேன். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், முதல் தடவையிலேயே வாங்கினேன்.

பாவா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயாம்மா? ஸ்கூட்டியவே ரெண்டு காலும் தரையில தேச்சிகினுதானே ஓட்டற?"

எனக்கு அந்த வண்டி வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொதட்டூர்பேட்டையில் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு இத்தனை வருஷமாக பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிறேன். வாசலில் ஒரு வண்டி நிற்க, அதை யாராவது ஓட்டி, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனால்தான் எனக்கு கார். அவர் வரவில்லை என்றால் பஸ். இப்போது அவரையும் மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். வண்டியை விற்றுவிட்டால் என் கையில் மிஞ்சுவது கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு லைசென்ஸ்தான்.

இவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். "செவ்வாக்கெழம முருகன் மலைக்கு நீயே ஓட்டிகினு போய் வா. நானும் அக்காவும் கூட வர்றோம். நல்லபடியா வந்தா வண்டி இருக்கட்டும். இல்லன்னா, பாவா, சாயங்காலமே பார்ட்டிய இட்டுகினு வா."

காலாண்டு விடுமுறை என்பதால் எனக்கு நேரம் இருந்தது. வண்டியை முதலில் பைபாஸ் பக்கம் இருக்கும் மெக்கானிக் பாயிடம் விட்டேன். அவர் பானெட்டைத் திறந்தார். உள்ளே தேங்காய் மூடி ஒன்று, எலி கடித்துப் போட்ட வெள்ளைத் துணி, காய்ந்த சாமந்தி. ஆயில் கம்பியை உருவிப் பார்த்து, "டீச்சர், இது ஆயிலா, கண் மையா?" என்றார். எல்லாவற்றையும் மாற்றி, பிரேக்கைச் சரிபார்த்து, நான்கு டயருக்கும் காற்றை அளந்து அடித்துக்கொடுத்தார்.

"மலையில எறங்கறப்ப நியூட்ரல் போடாதீங்க. எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல எறங்கணும். பிரேக்க மிதிச்சிகினே வராதீங்க, சூடேறிப்பூடும். அப்பறம் கால்கிட்ட ஒண்ணும் உருள்ற மாதிரி வைக்காதீங்க. பாட்டிலு, செருப்பு, எதுவுமே."

நான் இதை நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதினால்தான் எனக்கு மனதில் நிற்கும்.

செவ்வாய்க்கிழமை காலை புறப்பட்டோம். என் பக்கத்தில் அவர், பின்சீட்டில் அவருடைய அக்கா, எனக்கு அண்ணி. ஏறும்போது ஒரு குறையும் இல்லை. அவருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. எதிரில் ஒரு சைக்கிள் வந்தாலும் தன் பக்கத்துத் தரையை ஓங்கி மிதித்தார். அங்கே பிரேக் கிடையாது, கால்மிதிதான் உண்டு. "ஆரன் அடி, ஆரன் அடி" என்றார். வளைவில் ஒரு குரங்கு எங்களைப் பார்த்துவிட்டு நிதானமாக எழுந்து போனது. அண்ணி கந்த சஷ்டியை ஆரம்பித்து, வழி நெடுக முதல் நான்கு வரியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மேலே தரிசனம் முடிந்தது. புது டிரைவர் என்பதால் வண்டிக்கு மறுபடியும் பூஜை. நான்கு டயருக்கு அடியிலும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, என்னை ஏற்றச் சொன்னார்கள். நசுக்கினேன். பூசாரி சாமி பாதத்தில் வைத்த இன்னொரு பழத்தைக் கொடுத்தார். நல்ல பெரிய பழம். இவர் அதைக் கண்ணில் ஒற்றி டேஷ்போர்டில் முருகனுக்கு முன்னால் வைத்தார்.

"உருளும்ங்க. பையில போடுங்க."

"சாமி பழம். அது உருளாது."

ஒரு வகுப்புப் பிள்ளைகளை அடக்குகிற எனக்கு அந்த ஒரு பழத்தை எடுத்துப் பையில் போடத் தைரியம் வரவில்லை. கோவில் வாசலில் நின்றுகொண்டு சாமி பழத்துக்காகச் சண்டை போடுவதா என்று விட்டுவிட்டேன். அன்றைக்குச் செய்த தப்பு அது, என்னுடையதுதான்.

இரண்டாவது கியரில் இறக்கினேன்.

"நியூட்ரல் போடு. பெட்ரோல் மிச்சமாவும்."

"போடக் கூடாதுங்க."

"நான் இருவது வருஷமா நியூட்ரல்லதான் எறக்குனேன்."

"அதான் சாமிக்கு நம்ம வண்டியவே பாக்கற வேலையாப் போச்சி" என்றேன். பின்சீட்டில் அண்ணி நாலாவது வரியில் சிரித்துவிட்டு முதல் வரிக்குப் போனாள்.

ஒரு கொண்டை ஊசி வளைவைத் திருப்பியதும் பழம் கிளம்பியது. முருகனை ஒரு சுற்றுச் சுற்றி, டேஷ்போர்டு ஓரமாகவே என் பக்கம் வந்து, மடியில் விழுந்து, முழங்கால் வழியாக இறங்கிக் காணாமல் போயிற்று. அதே நேரம் கீழே, சாலைக்குக் குறுக்கே ஒரு குடும்பம் நடந்து போனது. ஆந்திராவிலிருந்து வந்தவர்கள். பெரியவர்களும் குழந்தைகளுமாக ஐந்து மொட்டைத் தலைகள், ஐந்திலும் சந்தனம். பிரேக்கை மிதித்தேன். பெடல் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. உள்ளே உருண்டையாக ஏதோ தட்டுகிறது.

அடுத்து நான் செய்ததை வேறு ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். என் வெறுங்கால் சாமி பழத்தில் பட்டுவிட்டது என்று தெரிந்ததும் காலைச் சட்டென்று தூக்கிவிட்டேன். தூக்கியதோடு விடவில்லை. என் வலது கை ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு, தன்பாட்டுக்குப் போய் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டது. புத்தகம் காலில் பட்டால் எப்படி ஒற்றிக்கொள்வோமோ அப்படி. மலைச்சரிவில், எதிரில் ஐந்து பேர் நிற்க, ஒரு எலுமிச்சம்பழத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மிதிக்காத! மிதிக்காத! சாமி பழம்!" என்று பக்கத்திலிருந்து கத்தினார்.

"மிதிடீ!" என்று பின்சீட்டிலிருந்து அண்ணி கத்தினாள்.

இரண்டாவது கியர்தான் காப்பாற்றியது. நியூட்ரலில் விட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன், அவர்களும் மொட்டையோடு ஊர் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள். வண்டி முக்கிக்கொண்டே மெதுவாகத்தான் உருண்டது. ஒரு கையால் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். முருகா, மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டு இருந்த பலம் முழுக்க வைத்து மிதித்தேன். பழம் வெடித்தது. குதிகால் வெடிப்பில் சாறு இறங்கி உச்சி வரை எரிந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகி நின்றது. முன்னால் இருந்த மொட்டைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவு இடம்.

அந்த வீட்டு அம்மா சந்தன மண்டையோடு கண்ணாடி அருகே குனிந்து, "மெல்லகா, அம்மா, மெல்லகா" என்று தெலுங்கில் மெதுவாகப் போகச் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்குப் பயமே வந்தது.

வண்டியை ஓரம் கட்டினேன். உள்ளே சண்டை தொடங்கியது.

"சாமி பழத்த மிதிச்சிட்டா" என்றார் இவர்.

"மேல நாலு பழத்த நசுக்கனப்ப கைய கட்டிகினுதானே நின்ன?" என்றாள் அண்ணி.

"அது டயரு, அக்கா. இது காலு."

"காலு இல்லாம பல்லாலயா பிரேக் போடுவாங்க?"

அவர் கதவைத் திறந்து இறங்கினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். கதவைத் திறந்து கையை நீட்டினார். "சாவி குடு. எறங்கு. நான் ஓட்டறேன்."

நான் சாவியை உருவினேன். கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. பயம் இன்னும் போகவில்லை. வண்டி சோளிங்கருக்கே போகட்டும், நான் பஸ்ஸிலேயே நின்றுகொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். இறங்குவதற்காகக் காலைத் தரையில் வைக்கக் குனிந்தபோதுதான் அவர் காலைப் பார்த்தேன்.

வண்டியைச் சுற்றி அவர் நடந்து வந்த வழி முழுக்கச் சிவப்பாகத் தடம் இருந்தது. யாரோ திருஷ்டி கழித்து உடைத்த சீசாவின் துண்டு ஒன்று அவர் வலது பாதத்தில் ஏறி நின்றது. அதன் மேலேயே நின்றுகொண்டு அவர் சாவிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் மட்டும்தான் இருந்தது. வலி இல்லை.

"கால்ல இன்னாங்க?" என்றேன்.

"கால்ல இன்னா?" என்று குனிந்து பார்த்தார். நிமிரவில்லை. அண்ணியும் இறங்கி வந்து பார்த்துவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவர் அந்தத் துண்டைத் தன் கையாலேயே பிடுங்கினார். அப்போதும் முகம் சுளிக்கவில்லை. பிடுங்கியதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் நானும் டாக்டரும் கேட்டும் சொல்லாததை அப்போது தானாகவே சொன்னார்.

"தெரியலடி. எனக்கு ஒண்ணுமே தெரியல."

அவர் மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என் துப்பட்டாவைக் கிழித்துக் காலை இறுகக் கட்டினேன். கட்டும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டி முடித்ததும் சாவியைக் கேட்கவில்லை. நொண்டக்கூட இல்லை, வலித்தால்தானே நொண்டுவதற்கு. நேராக நடந்து போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

போன் அடித்தது. பாவா. பக்கத்திலிருந்த எனக்கே கேட்கும்படி, வண்டி நல்லபடியாக இறங்கியதா, பார்ட்டி கிளம்பட்டுமா என்று கேட்டார்.

"வேணாம் பாவா" என்றார். "வண்டி குடுக்கறதா இல்ல."

"ஓட்டப்போறது யாரு?"

"நான் இல்ல பாவா. இனிமே நான் ஓட்ட முடியாது. இவதான்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனையோ நாளாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கேட்ட பிறகு அவர் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்றும் இருந்தது. அழ நேரமில்லை. பாதிச் சரிவு இன்னும் பாக்கி இருந்தது, காலுக்குத் தையல் போட வேண்டும். இரண்டாவது கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டேன். அவர் தரையை மிதிக்கவில்லை.