செவ்வாய்க்கிழமை விசாரித்தார்கள்

திருவொற்றியூர் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், தென்னந்தோப்பை வெட்டிச் சாய்த்து மனை பிரித்த இடத்துக்கு நகர் என்று பெயர் வைத்திருந்தார்கள். நகரில் இருந்ததெல்லாம் நாலு தெரு, ஒரு கை பம்பு, ஒரு மளிகைக் கடை. பட்டணத்து ஒண்டுக் குடித்தனங்களில் மூச்சு முட்டிப்போன எங்களைப் போன்றவர்கள், இங்கே நல்ல காற்று வருகிறதாம் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தோம். காற்று வரத்தான் வந்தது. அதை வாங்குவதற்கு வீட்டில் ஆண்பிள்ளைதான் இருக்கவில்லை. விடியுமுன் தீப்பெட்டித் தொழிற்சாலைச் சங்கு ஊதினதும் எழுந்து ஓடுவோம். கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் ரயிலில் தொற்றிக்கொண்டு போனால், திரும்புவதற்கு நன்றாக இருட்டிவிடும். சொந்த வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடித்தோம் என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். அன்றைக்கும் பாதி நாள் தூங்கித் தொலைப்போம்.

அமீருதீன் பாய்க்கு அந்த ஞாயிறும் உறுதி கிடையாது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் குமாஸ்தா அவர். கப்பல் கிழமை பார்த்தா வருகிறது? ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர், சுதந்திரம் வந்த வருஷம் மனைவி ஷம்ஷாத்தையும் ஒரே மகள் ஜீனத்தையும் கூட்டிக்கொண்டு இரண்டாவது தெருவுக்குக் குடி வந்தார்.

ரயிலில் அவர் பெரிய மனிதர். எங்கள் பெட்டியில் முழங்கால்களின் மேல் துண்டை விரித்துச் சீட்டு ஆடுவார்கள். பாய் சீட்டைத் தொட மாட்டார். ஆனால் ஆட்டத்தில் தகராறு வந்தால் எல்லாத் தலையும் அவர் பக்கம்தான் திரும்பும். கரித்தூள் விழுந்த கண்ணைக் கசக்கிக்கொண்டே தீர்ப்புச் சொல்வார். மறுபேச்சு இருக்காது. அவருக்கு எதிர் பெஞ்சில் எப்போதும் சுப்பராயன் உட்காருவார். அச்சாபீஸ்காரர், வாய்த்துடுக்கு அதிகம். இரண்டு பேரும் இருட்டில் ஒன்றாகவே நடந்து வருவார்கள். முதல் தெரு முனையில் சுப்பராயன் "வர்ட்டா பாய்" என்று பிரிந்துவிடுவார்.

ஐம்பத்து மூன்றில் ஜீனத்துக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. ராயபுரத்தில் கயிறும் படுதாவும் விற்கும் பஷீரின் மகன் ஜஹாங்கீர். நல்ல பையன். இரண்டு வீட்டுக்கும் பிடித்திருந்தது. ஜீனத்துக்கும் பிடித்திருந்தது என்பதை, அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் அடுப்படியை விட்டு நகராமல் நின்றதிலிருந்து ஷம்ஷாத் கண்டுபிடித்துவிட்டாள். பாக்கி இருந்தது விசாரிப்பது ஒன்றுதான்.

அது எல்லா ஜனத்திலும் உள்ள வழக்கம். பெண் வீட்டில் கை நனைத்துச் சம்பந்தத்தை உறுதி செய்வதற்கு முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் பெண் வீட்டுத் தெருவுக்குப் போவார்கள். கடையில் கேட்பார்கள், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கேட்பார்கள். குடும்பம் எப்படி, தகப்பன் எப்படி என்று நாலு வாயிலிருந்து வார்த்தை வாங்கிக்கொண்டு போவார்கள். ராயபுரத்தில் இந்த விசாரணை ஒழுங்காக நடக்கும், அங்கே வேலையும் வீடும் ஒரே தெருவில் இருப்பதால். பஷீரும் அவருடைய அக்கா பதுருன்னிசாவும் எங்கள் நகருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல வெயில் நேரத்தில் வந்து இறங்கினார்கள்.

மளிகைக் கடை வெள்ளத்துரை, ரயில் வருவதற்கு முன்பே கடையைக் கட்டுகிறவர். "அமீருதீனா? அப்டி யாரையும் தெரியாதே நைனா. நீங்க சொல்ற வூட்டுல ஒரு அம்மாவும் பொண்ணும் கீது. ஆம்பள யாரும் போயி வந்து நான் பாத்ததில்ல" என்றார்.

பம்படியில் இருந்தவள் சுப்பராயனின் மனைவி சொக்கம்மாள். ஷம்ஷாத்தின் மேல் அவளுக்கு உயிர். நல்ல வார்த்தை சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்: "தங்கமான பொம்பள. தனியா நின்னு அந்தப் பொண்ண வளத்துகினுகீது, பாவம். புருசன் இன்னா ஆனாரோ, நாங்க யாரும் கேட்டுக்கல."

இதைவிட வேறு என்ன வேண்டும்? அந்த வாரமே, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த தரகுக்காரி சாபிரா ரிக்‌ஷாவை விட்டு இறங்கும்போதே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். பெண்ணின் தகப்பனுக்குப் பட்டணத்தில் இன்னொரு வீடு இருக்கிறதாம், இங்கே எட்டிப் பார்ப்பதே இல்லையாம், தெருவே சொல்கிறதாம், அதனால் இந்தச் சம்பந்தம் வேண்டாமாம்.

அன்று இரவு பாய் கால் கழுவி உள்ளே வருவதற்குள் ஷம்ஷாத் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு இன்னொரு வூடு கீதாமே, எனக்குச் சொல்லவே இல்லையே?"

பாய்க்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஜீனத் சாப்பிடாமல் படுத்திருப்பதைப் பார்த்ததும் அது போய்விட்டது. இப்படிப்பட்ட பேச்சோடு ஒரு சம்பந்தம் தட்டிப்போனால் அடுத்த சம்பந்தம் அதைக் கேட்டுக்கொண்டுதான் வரும். மகளைக் கட்டிக்கொடுக்கிற வரை அந்தப் பேச்சு வாசலிலேயே நிற்கும்.

மறுநாள் லீவு போட்டார். தெரு தன்னைப் பார்த்ததில்லை என்றால் காட்டிவிட்டால் போகிறது என்பது அவருடைய யோசனை. பெருநாளுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, துருக்கித் தொப்பியை வைத்துக்கொண்டு, தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். நாய்கள் குரைத்தன. வெளியே நின்ற பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெள்ளத்துரை கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "யார் வூட்டுக்குப் போவணும் நைனா?" என்று மரியாதையாகக் கேட்டார். சொக்கம்மாள் பின்வாசல் வழியாக ஓடி ஷம்ஷாத்திடம் மூச்சிரைக்கச் சொன்னாள்: "அக்கா, கதவ தாப்பா போட்டுக்க. எவனோ ஒரு ஆளு உன் வூட்டாண்டயே சுத்திகினுகீறான்."

ஷம்ஷாத் தலையில் அடித்துக்கொண்டாள். "அதுதான்டியம்மா என் வூட்டுக்காரரு" என்று சொல்வதற்குள் அவளுக்கு அழுகையும் வந்துவிட்டது.

அடுத்த நாள் ரயிலில் பாய் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சீட்டாட்டத்தில் சண்டை முற்றியும் திரும்பவில்லை. சுப்பராயன் நோண்டி நோண்டிக் கேட்டு விஷயத்தை வாங்கினார். பம்படிப் பெண்பிள்ளை என்றதும் அவருக்கு முகம் செத்துவிட்டது. முந்தின இரவு சொக்கம்மாள் அவரிடம் இதே கதையைச் சொல்லியிருக்கிறாள்.

"நம்ம வூட்டுக்காரிதான் பாய்" என்றார் சுப்பராயன். "நாலு வருசமா என் எதுருல குந்திகினு வர மனுசன பத்தி இப்டி சொல்லுவியான்னு இன்னிக்கே போயி கேக்கறேன் பாரு."

கேட்டார். சொக்கம்மாள் திருப்பிக் கொடுத்தது மறுநாள் பெட்டி முழுக்கப் பரவிவிட்டது: "எனுக்கு இன்னாய்யா தெரியும்? நீ என்னிக்காவது பேர் சொன்னியா? மொதல்ல உன்ன பத்தி யாராவது கேட்டா நான் இன்னா சொல்றதுன்னு அத சொல்லிட்டு போ."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. பெட்டியில் பெண்ணைப் பெற்றவர்களும் பிள்ளையைப் பெற்றவர்களும் நிறைய இருந்தார்கள். எந்த வீட்டு வாசலில் கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும் என்று எல்லாருக்கும் உறைத்தது. அன்று சாயந்திரம் வழக்கமான ரயிலை விட்டுவிட்டு, பாய்க்குத் தெரியாமல், சுப்பராயனும் நானும் இன்னும் சில பேரும் ராயபுரத்துக்கு நடந்தோம்.

பஷீர் கடையில் கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கூட்டமாக வந்த எங்களைப் பார்த்து ஏதோ வியாபாரம் என்று எழுந்து நின்றார். சுப்பராயன் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"பாய், அமீருதீன் பாய்க்கு ரெண்டாவது வூடு கீதுன்னு யாரோ உங்களுக்குச் சொன்னாங்களாம். வெடிகாலைல எங்கூட ரயில் ஏறுறாரு. ராத்திரி எங்கூட எறங்குறாரு. நடுவுல துறைமுகத்துல மூட்ட எண்ணுறாரு. மொத வூட்டுக்கே போவ நேரமில்ல, ரெண்டாவதுக்கு எங்க போவாரு?"

பஷீர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நாங்கள் ஒவ்வொருவராகச் சொன்னோம். பாயின் தீர்ப்பைச் சொன்னோம், பிள்ளைத்தாச்சி ஏறினால் முதலில் எழுந்திருப்பவர் அவர்தான் என்று சொன்னோம். உள்ளே போகிற வழியில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து பதுருன்னிசாவின் குரல் வந்தது.

"அதெல்லாம் ரயில்ல. வூட்டுல எப்படி? பொண்டாட்டி புள்ளைங்ககிட்ட எப்படி நடந்துக்குறாரு?"

அங்கே வந்தவர்களில் ஒருவர்கூடப் பாய் வீட்டுக்குள் போனதில்லை. கடைசியில் சுப்பராயன்தான் சொன்னார்.

"அது தெரியாதும்மா. பொய் சொல்லக்கூடாது. எங்க வூட்டுல நாங்க எப்படின்னே எங்களுக்குத் தெரியாது."

காரியம் கெட்டது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அந்த அம்மாள், "டீ சொல்லு பஷீர், கால் கடுக்க நிக்கிறாங்க" என்றாள். டீ வந்தது. சாபிராவை மறுபடி அனுப்புவதாகச் சொல்லி எங்களை வழியனுப்பினார்கள்.

பையன் வீட்டில் சம்மதம் என்று சாபிரா வந்து சொன்ன மறுநாள் ஞாயிறு. கப்பல் இல்லை. இந்தக் கலாட்டாவுக்கெல்லாம் பிறகு மகளின் வாயால் சம்மதம் கேட்காமல் பதில் சொல்லக் கூடாது என்று பாய் நினைத்தார். ஷம்ஷாத் கேட்கிறேன் என்றதற்கும் ஒப்பவில்லை. தானே ஜீனத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார். என்ன ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எந்த வருஷம் அவள் இவ்வளவு உயரமானாள் என்றுகூட அவருக்கு ஞாபகமில்லை. பையன் நல்லவன், கடை நன்றாக நடக்கிறது, உனக்குச் சம்மதமா, எதுவானாலும் வாப்பாவிடம் தைரியமாகச் சொல் என்றார்.

ஜீனத் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். குத்திக் காட்டுகிற பெண் இல்லை அவள். தெரிந்துகொள்ள வேண்டியதைத்தான் கேட்டாள்.

"மத்தியான சோத்துக்கு அவரு வூட்டுக்கு வருவாரா வாப்பா?"

பாய் தரையைப் பார்த்தார். "கடைக்கு மேலதான் வூடு. வருவாரு."

"தெனமுமா?"

"தெனமும் வருவாரும்மா."

"அப்ப சம்மதம்" என்றாள் ஜீனத்.