மஞ்சள் வைத்த கூறைப்புடவை

மயிலாடுதுறையில் தலைமுறைகளாக நடக்கும் ஒரு பட்டுக்கடைக்கு நான் வியாபார ஆலோசகனாக இருந்தேன். எளிதில் கிடைக்காததற்குத்தான் மதிப்பு என்று சொல்லி, உயர்ந்த புடவைகளை அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் காட்ட வைத்தவன் நான். கறை பட்டதை மலிவாக விற்காமல் வெட்டிப்போட வேண்டும் என்பதும் என் விதிதான்.

கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து அந்த அம்மாள் மகளுக்குக் கூறைப்புடவை எடுக்க வந்தார். நெடிய உருவம், வயல் வெயிலில் கறுத்த கைகள். ஒவ்வொரு துணியையும் தொடுமுன் விரல்களை முந்தானையில் துடைத்துக்கொள்வார். அவர் கையிலிருந்த தாம்பூலத் தட்டைப் பார்த்ததும் விற்பனையாளர் பழைய பழக்கத்தில், அழைப்புள்ளவர்களுக்கென்று உள்ளே வைத்திருந்த அரக்குப் புடவையை எடுத்து விரித்துவிட்டார். அந்த அம்மாளும் வழக்கப்படி அதன் முனையில் மஞ்சள் வைத்துவிட்டார்.

நான் ஓடிவந்தேன். "இது உங்களுக்கு இல்லம்மா."

"ஏன் சார், எங்க பணம் செல்லாதா? எங்கம்மாவ வாசலோட நிறுத்துனீங்க. என்னை உள்ள கூப்பிட்டு நிறுத்துறீங்களா?"

"கறை பட்டாச்சு, இனி இது விற்பனைக்கில்ல" என்று ஆத்திரத்தில் நானே கத்தரிக்கோலை எடுத்துப் புடவையைக் குறுக்கே வெட்டினேன்.

அவர் அழவில்லை. மஞ்சள் பட்ட துண்டை இழுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார்.

"மஞ்சள் வெச்சாச்சு, இது எம்பொண்ணோடது. மிச்சத்த உங்க அழைப்புக்காரங்களுக்குக் கட்டி விடுங்க."

கறை பட்டதை வெட்டிப்போடும் அந்த விதியைக் கடை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கறை படக்கூடாதென்று கை துடைத்தவரின் மஞ்சளைக் கறை என்றேனே! அந்தத் துண்டை நீட்டி, மகளிடம் அவர் என்ன சொல்லியிருப்பார்?