ஆனி மாதத்துத் தீபாவளி

தென்காசியில் கேபிள் டிவி விளம்பரங்களுக்குப் படமும் ஒலியும் எடுத்துத் தருவது என் தொழில். பண்டிகை வாழ்த்துகளைச் சொல்பவர் பெரும்பாலும் ஒரே பெண்தான். ஆலங்குளம் ஜவுளிக்கடைக்கும் குற்றாலத்து அல்வாக் கடைக்கும் அவருடைய குரல்தான் வேண்டும். அந்த ஆனியில் அவருக்குக் கழுத்தில் தைராய்டு கட்டியை எடுக்க நாள் குறித்திருந்தார்கள். குரல் மாறலாம், பழையபடி திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைக்காரர்கள் அதற்காகக் காத்திருக்க மாட்டார்கள். எனவே தீபாவளி, பொங்கல் வாழ்த்துகளை முன்கூட்டியே எடுத்துவிட முடிவு செய்தோம்.

இடம் அவர் வீட்டு மாடி அறை. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடும் என்பதால், பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளாகப் பார்த்துப் போனேன். தறி நின்றதும் ஹெட்போனை மாட்டினேன். ஃபிரிட்ஜும் ஃபேனும் ஓய்ந்ததில், அதுவரை கேட்காத சுவர்க் கடிகாரம் கேட்டது. அதைக் கழற்றி மெத்தைக்கு அடியில் வைத்தேன். சாரல் தண்ணீர் கீழே தகரத்தில் சொட்டியது. தகரத்தின் மேல் ஈரச் சாக்கை விரித்தேன். கரண்ட் இல்லையென்றதும் அக்கம்பக்கத்தவர் தெருவுக்கு வந்து பேசத் தொடங்கினார்கள். வாழ்த்துச் சொல்ல உட்கார்ந்திருந்தவர் எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“ஏட்டி, கொஞ்சம் அங்கன தள்ளிப் போய்ப் பேசுங்களேன். இங்கன தீபாவளி நடக்கு!”

“ஆனி மாசத்துலயா? பலகாரம் எங்க?” என்றது கீழிருந்து ஒரு குரல்.

“மொதல்ல வாய மூடு. பலகாரம் பொறவு வரும்.”

அவர் கட்டியிருந்த சேலையின் நெருக்கமான கட்டங்கள் கேமராத் திரையில் நெளிந்தன. வேறு சேலை மாற்றிவரச் சொன்னேன். மேகம் வந்து வந்து போனதால் ஜன்னலை அடைத்து பேட்டரி விளக்கை வைத்தேன். ஒலி சுத்தமாக இருந்தது. படத்தில்தான் குறை. வாழ்த்தைத் தொடங்கும்போதெல்லாம் அவருடைய இடது கை கழுத்துக்குப் போனது.

“கை கழுத்துக்குப் போகுதும்மா.”

“போவுதா? எனக்குத் தெரியலயே அண்ணாச்சி.”

அடுத்த முறையும் போனது. அல்வாக் கடையின் காலிப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஜவுளிக்கடைக்கு ஒரு மடித்த சேலை. கரண்ட் வருவதற்குள் எல்லாம் முடிந்தது.

ஆபரேஷன் முடிந்தது. தீபாவளிக்கு அந்தப் பதிவுகள் ஓடின. பொங்கலுக்கு முன்னால், மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்று அவரே கூப்பிட்டார். இன்னொரு மின்தடை நாள். அதே அறை, அதே வாசகம். கையில் எதுவும் கொடுக்கவில்லை. கை மடியிலேயே இருந்தது. குரல் இறங்கியிருந்தது. வாக்கிய முடிவில் கரகரத்தது.

“பழசு மாதிரி இருக்கா? உள்ளதச் சொல்லுங்க.”

“பழசு மாதிரி இல்லம்மா. ஆனா ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேக்கு.”

“ரெண்டையும் அனுப்புங்க. கடைக்காரவுகளே முடிவு பண்ணட்டும்.”

அல்வாக் கடைக்காரர் பழையதையே போட்டார். ஜவுளிக்கடைக்காரர், “புதுசே இருக்கட்டும். அவுகள ஊருக்கே தெரியும்லா,” என்றார். இரண்டையும் அவரிடம் அப்படியே சொன்னேன்.

“அல்வா போனா போவுது, சேல இருக்குல்லா,” என்றார். சித்திரை வாழ்த்து எடுக்க, அடுத்த மின்தடை என்றைக்கு என்று விசாரித்து வைக்கச் சொன்னார்.