நானே கொண்டு போய்க் கொடுத்த மாம்பழ வாசம்

என் மூக்கை ஏமாற்ற முடியாது என்று ஊரெல்லாம் பெருமையடித்துத் திரிந்தவள் நான். மதுரங்குளிச் சந்தியில், பள்ளிவாசலுக்கு எதிரே, எனக்கொரு சின்ன அத்தர்க் கடை இருக்கிறது. தொப்பியும் தஸ்பீஹ் மணியும் தொழுகைப் பாயும்கூட விற்கிறேன், ஆனால் ஆட்கள் தேடி வருவது அத்தருக்குத்தான். குப்பியின் கழுத்தை மோந்து பார்த்தே இது நல்ல சரக்கு, இது எண்ணெய் கலந்த கள்ளச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். அந்த மூக்கை இப்போது அறுத்தெறிய வேண்டும் போல இருக்கிறது.

என் புருஷன் உப்பு லொறி ஓட்டினார். சிகரெட்டை விட அவரால் முடியவில்லை. நாற்பத்தொரு வயதில், சிலாபத்து ஆஸ்பத்திரியில், மூச்சுக்குத் தவித்துத் தவித்து மௌத்தானார். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அடக்கம் முடிந்து வந்தவனைப் பிடித்து நிறுத்தி, "நீ சிகரெட்டக் கையால தொட்டியெண்டா உம்மாட மௌத்தத்தான் பாப்ப" என்றேன். பிள்ளை பயந்து தலையாட்டினான். இன்று வரைக்கும் அவன் சிகரெட்டைத் தொடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பத்து வயதில் அவனைக் கரைத்தீவுப் பக்கத்து மதரஸா ஒன்றில் சேர்த்தேன். அங்கேயே தங்கி குர்ஆனை மனனம் செய்ய வேண்டும். முப்பது பாகமும் நெஞ்சில் ஏறினால் ஹாபிழ். எனக்கு அதில் பேராசை, ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்தபோது எனக்கு ஏழு வயது. கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, கடை போட்ட பிறகும் இந்தச் சந்தியில் நான் "அந்த அகதிப் பொம்பள"தான். ஒரு நாளைக்காவது யாராவது "ஹாபிழுட உம்மா" என்று என்னைக் கூப்பிட வேண்டும். நோன்பு மாதத்தில் எதிர்ப் பள்ளியில் என் மகன் முன்னால் நின்று தராவீஹ் இரவுத் தொழுகையைத் தொழுவிக்க, அந்தக் குரல் ஒலிபெருக்கியில் வந்து என் கடைக்குள் நிறைய வேண்டும். துஆவில் வேறெதையும் நான் பெரிதாகக் கேட்டதில்லை.

மாதத்தில் ஒரு தடவை, புதன் பின்னேரம் வீட்டுக்கு வந்து வியாழன் பின்னேரம் திரும்புவான். வந்ததும் முதல் வேலை, வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பேன். பிறகு அஸர் தொழுதுவிட்டுப் பாடம் கேட்பேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஓதுவான். நான் குர்ஆனை விரித்து வரி வரியாக விரல் வைத்துப் போவேன். பிழை விட்டால் மேசையில் ஒரு தட்டு. பதினைந்து வயது வரைக்கும் நான் மேசையைத் தட்டிய நாட்கள் குறைவு. இருபத்திரண்டு பாகம் முடித்திருந்தான். நீளமான ஆயத்தை ஒரே மூச்சில் ஓதிவிட்டு ஒற்றைக் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்ப்பான், கள்ளன்.

கொரோனாவுக்கு மூடிய மதரஸா திறந்த அடுத்த வருடம், அவன் வாயில் மாம்பழம் மணத்தது.

"என்ன மகன் சாப்பிட்ட?"

"டொபி உம்மா."

அடுத்த மாதம் திராட்சை. பிறகு மறுபடியும் மாம்பழம். சிகரெட் இல்லை, பீடி இல்லை, வெற்றிலைகூட இல்லை. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பக்கத்துத் தையல் கடைக்காரியிடம், "எங்கட மகன்ட வாய் மாம்பழம் மாதிரி மணக்கும்" என்று வேறு சொல்லி வைத்தேன். மூதேவி, என் வாயாலேயே சொன்னேனே!

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவன் படுக்கையைத் தட்டி விரிக்கும்போது தலையணைக்குக் கீழே ஒரு சாமான் கிடந்தது. நீல நிறம், விரல் நீளம், ஒரு முனை சப்பையாக இருந்தது. மோந்தேன். அதே மாம்பழம். பேனை மாதிரியும் தீப்பெட்டி மாதிரியும் புதுசு புதுசாக அத்தர் வருகிற காலம், இதுவும் அப்படியொன்று என்றுதான் நினைத்தேன். எப்படித் திறப்பதென்று மட்டும் பிடிபடவில்லை. ஜும்ஆத் தொழுகைக்கு மணம் பூசிப் போவது நபிவழிச் சுன்னத்து அல்லவா? அத்தர்க்காரியின் பிள்ளை மணமில்லாமல் பள்ளிக்குப் போவதா? கடையைத் திறக்காமலே பஸ் ஏறினேன். புத்தளத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்து, வெயிலில் வியர்த்து விறுவிறுத்து மதரஸா வாசலில் போய் நின்றேன்.

மகன் வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"உங்கட அத்தர மறந்துட்டு வந்துட்டீங்க மகன்" என்று கூட நின்ற பிள்ளைகளுக்கு முன்னாலேயே கையில் கொடுத்தேன்.

அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "இதுக்காகவா உம்மா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றான். கண் நிறைந்துவிட்டது. பாசம் என்று நினைத்தேன். எனக்கும் கண் நிறைந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அல்லாஹ்வுக்குச் சுக்ர் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் மேசை ஓயவில்லை. புதிய பாடம் ஏறவில்லை, சரி. பத்து வயதில் பாடமாக்கிய முதலாம் பாகத்திலேயே தடுக்கி நின்றான். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓதினான். கால் ஆடிக்கொண்டே இருந்தது. மூச்சு பாதி ஆயத்தில் அறுந்தது. "கவனம் எங்கடா மேயுது?" என்று கத்துவேன். எழுந்து கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போவான். அப்படிச் செய்கிற பிள்ளை இல்லை அவன்.

பிறகு மதரஸாவிலிருந்து, ஓதிக் கொடுக்கிற ஹஸரத் கூப்பிட்டார். குளியலறையில் வைத்துப் பிடித்தார்களாம். சாமானை மேசையில் வைத்தார்: மின்சார சிகரெட். "ராத்தா, இத நீங்களே கொண்டு வந்து குடுத்ததா மத்தப் பிள்ளையள் செல்லுதுகள்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா? நான் ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? அன்றே அவனுடைய பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தோம்.

சிலாபத்தில் ஒரு டொக்டரம்மாவிடம் காட்டினேன். பொறுமையாகக் கதைத்தார்.

"அதுக்குள்ள இருக்கிறது நிகொடின் அம்மா, சிகரெட்டில இருக்கிற அதே சாமான். இந்த வயசில மூளை இன்னும் வளர்ந்து முடியல்ல. கவனத்தையும் பாடமாக்கிறதையும் பாக்கிற இடத்திலதான் அது கை வைக்கும். இனிப்பு வாசம் இல்லாட்டி முதல் இழுவையிலேயே காறித் துப்பியிருப்பார். இப்ப மூளை ரெண்டையும் சேத்துக் கட்டி வச்சிருக்கு. அந்த வாசம் மட்டும் வந்தாலே போதும், மற்றதையும் தா எண்டு கேக்கும்."

"மறந்த பாடம் திரும்பி வருமா டொக்டர்?"

"எல்லா மறதிக்கும் இதுதான் காரணமெண்டு நான் சொல்ல மாட்டன். நிப்பாட்டினா மெல்ல மெல்ல வரலாம். நாளெடுக்கும்."

நாளெடுக்கும் என்றார். ஆனால் அவனை வைத்திருக்க எனக்கு அத்தர்க் கடையைத் தவிர வேறு இடம் ஏது? பிள்ளைக்கு ஆகாத வாசம் முழுவதும் என் அலுமாரியில்தான் அடுக்கியிருக்கிறது. ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், அவன் மேசைக்குப் பின்னால் நிலத்தில் குந்தியிருக்கிறான். மாம்பழ அத்தர்க் குப்பியைத் திறந்து மூக்கோடு அழுத்திக்கொண்டு, பதினேழு வயதுப் பிள்ளை, விம்மி விம்மி அழுகிறான்.

"அண்டைக்கு மறந்துட்டுப் போகல்ல உம்மா" என்றான். "வேணுமெண்டுதான் தலகாணிக்குக் கீழ உட்டுட்டுப் போனன். இனி வேணாமெண்டு. ஒரு ராவு முழுக்க அது இல்லாம இருந்துட்டன் உம்மா. நீங்க கொண்டு வந்து தந்துட்டீங்க."

யாரிடம் போய் இதைச் சொல்லி அழ? பழ அத்தர் குப்பிகள் அத்தனையையும் எடுத்துப் போய் வடிகானில் ஊற்றினேன். அலுமாரிப் பலகையிலிருந்து அந்த வாசம் இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகும் நிறுத்துகிறான், பத்து நாள் இருக்கிறான், யாரோ கொடுக்கிறார்கள், மறுபடியும் விழுகிறான். இந்த நோன்புக்கு எதிர்ப் பள்ளியில் வேறு ஊர் ஹாபிழ் ஒருவர் தொழுவித்தார். நல்ல குரல். கடைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே இருந்தேன்.

அஸருக்குப் பிறகு இப்போதும் பாடம் கேட்கிறேன். முதலாம் பாகம்தான். கண்ணை மூடிக்கொண்டு தொடங்குகிறான், நாலாவது ஐந்தாவது வரியில் நிற்கிறான். நான் மேசையைத் தட்டுவதில்லை. குர்ஆனை விரிப்பதுகூட இல்லை. எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, அவனுக்கு மறந்த இடமெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. அடுத்த வரியை நான் ஓதுகிறேன், அவன் கண்ணைத் திறந்து என் வாயைப் பார்த்துத் திருப்பிச் சொல்கிறான்.