மாப்பிள்ளை வேலையை விட்ட கதை

போன ஞாயிற்றுக்கிழமையோடு மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டேன். மாதம் ஒரு தடவை, சாயங்கால நேரத்தில், தலைப்பாகை கட்டி, மாலை போட்டு, முக்காலியில் உட்கார்ந்து பார்த்த வேலை. சம்பளம் கிடையாது. சந்தகை உண்டு.

பதறாதீர்கள். பெண்ணே இல்லாத கல்யாணம்தான்.

எங்கள் திருப்பூரில் பழைய பஞ்சு வியாபாரி ஒருவர் கட்டிய வீடு இருக்கிறது. பேரன்கள் ஆளுக்கொரு திசையாகப் போன பிறகு வீட்டை ஒரு டிரஸ்டிடம் கொடுத்துவிட்டார்கள். இப்போது அது மியூசியம். உள்ளே கையால் சுற்றும் பழைய பனியன் மெஷின், பஞ்சு நிறுக்கும் தராசு, தேக்குக் கட்டில். கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி, தொடக் கூடாது என்று அட்டை மாட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் கூரியர் ஆபீஸ், மறுபக்கம் பிரிண்டிங் யூனிட். ஆட்டோக்காரரிடம் ‘மியூசியம் ஊடு’ என்றால் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, அந்த வீட்டு முற்றத்தில் நிகழ்ச்சி நடக்கும். வள்ளி கும்மி ஆடுவார்கள். உடுக்கையடித்துக் கதை பாடுவார்கள். ஆனால் கூட்டம் கூடுவது என்னவோ இணைச்சீரை நடித்துக் காட்டும் செய்முறைக்குத்தான். பனியன் ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டு பையர் யாராவது ஊரில் இருந்தால், கம்பெனி மெர்ச்சன்டைசர் பிள்ளைகள் அவர்களையும் கூட்டி வந்து முன் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

இணைச்சீர் என்றால் என்ன? கொங்குப் பக்கத்துக் கல்யாணம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் தானும் ஒரு கல்யாணப் பெண்ணைப் போல் அலங்கரித்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நிற்பாள். அவள் கையில் கூடை. கூடையில் கூறைச் சேலை. சேலையின் ஒரு நுனி கூடையில் இருக்கும், மறு நுனி மாப்பிள்ளையின் கையில் இருக்கும். புதிதாக ஒருத்தி வரப் போகிறாள், வரட்டும்... ஆனாலும் நீ என் பிறந்தவன், நான் உன் பிறந்தவள் என்று ஊரறியச் சொல்லிக்கொள்கிற சீர் அது. கடைசியில் அருமைக்காரர், அதாவது சீர்களைச் செய்து வைக்கும் பெரியவர், அருகம்புல்லைப் பாலில் தொட்டு இருவர் தலையிலும் வைத்து வாழ்த்துவார். அதற்கு அருகு வைப்பது என்று பெயர். அதோடு சீர் முடிந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோருக்கும் சந்தகை, அதாவது எங்கள் பக்கத்து இடியாப்பம், தேங்காய்ப் பாலோடு கொடுப்பார்கள். அதற்காகப் போனவன் மாப்பிள்ளை ஆனது எப்படி? எல்லாம் ஷிப்மென்ட் செய்த வேலை. மாப்பிள்ளையாக நடிக்க வேண்டிய இளைஞனுக்கு அன்று கன்டெய்னர் கிளம்ப வேண்டிய அவசரம். திருப்பூரில் ஷிப்மென்ட் இருக்கிற ஞாயிறு ஞாயிறே அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். நிகழ்ச்சியை நடத்தும் நித்யா என்ற பெண் கையைப் பிசைந்துகொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். முன் வரிசையில் வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான்.

தலைமுடிக்கு டை அடிப்பதையே நிறுத்திவிட்ட வயதில் எனக்குத் தலைப்பாகை கட்டினார்கள். வீட்டம்மா பின் வரிசையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு உடுக்கைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அன்று என் பிறந்தவளாக வந்து நின்றவர் தங்கமணியக்கா. கார்மென்ட்ஸ் ஒன்றில் செக்கிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு மாதமும் சீர்க்காரியாக வருவது அவர்தான். யாரும் கூப்பிடாமல் தானாக வந்து பேர் கொடுத்தாராம். மாப்பிள்ளைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அக்கா மாற மாட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குக் கூடப் பிறந்தவள் கிடையாது. மூன்றும் பையன்கள். என் கல்யாணத்தில் பெரியப்பா மகள் பாப்பாத்தியக்காதான் சீர் செய்தாள். சீர் முடியும்வரை கையில் கட்டியிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊத்துக்குளியில் அவளுடைய மாடுகள் கறவைக்குக் காத்திருந்தன. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கடனுக்குச் சீர் செய்தாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா தங்கை உள்ளவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கும். இப்போதும்தான்.

அதனால் தங்கமணியக்கா பக்கத்தில் வந்து நின்று சேலையின் நுனியை என் கையில் கொடுத்தபோது... சிரிக்காதீர்கள், அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நடிப்பு என்று தெரியும். தெரிந்தும் பிடித்துக்கொண்டேன்.

அருமைக்காரர் அருகம்புல்லை எடுத்தார். பாலில் தொட்டார். எங்கள் தலைக்கு நேரே கொண்டுவந்தவர், வைக்காமல் திரும்பத் தட்டிலேயே போட்டுவிட்டார். ஏன் என்று பிறகு கேட்டேன்.

“அருகு வெச்சுட்டா அது வெளையாட்டு இல்லீங்க. அப்பறம் நீங்க இந்தம்மாளுக்கு நெசமாலுமே பொறந்தவன் ஆயிருவீங்க. நல்லது கெட்டதுக்கு முன்னால வந்து நிக்கோணும்” என்றார்.

நிற்கிறேனே என்று சொல்ல வாய் வரை வந்தது. சந்தகையை வைத்து அடைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் நித்யா கேட்பதற்கு முன்பே வேட்டியோடு போய் நின்றேன். அறுபதாம் கல்யாணத்துக்கு ஒத்திகையா என்று வீட்டம்மா கேலி செய்தாள். செய்யட்டும். மாதத்தில் ஒரு கால் மணி நேரம் எனக்கு ஓர் அக்கா இருந்தாள். அதை யாரிடம் போய் விளக்குவது?

அந்த இரண்டாவது தடவைதான் கவனித்தேன். என் கையில் இருந்த சேலை நுனி அடிக்கடி இழுபட்டது. முதல் தடவை கூடையின் கனம் என்று நினைத்திருந்தேன். கனம் இல்லை. அக்கா திரும்பித் திரும்பி எதையோ பார்த்தார். பார்க்கும்போதெல்லாம் சேலை இழுபட்டது. மாப்பிள்ளை முக்காலி வாசலைப் பார்த்துப் போட்டிருப்பதால், எனக்குக் கேட் நேராகத் தெரியும். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். பின்சீட்டில் ஒரு பெண்மணி. சீர் முடிந்ததும் வண்டி கிளம்பிப் போய்விட்டது.

அவர் யார் என்று சந்தகைத் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். அக்கா தட்டைக் கீழே வைத்தார். என் தம்பி குமரேசன் என்றார்.

குமரேசன் கட்டிங் மாஸ்டர். அதே கம்பெனியில் டெய்லராக வேலை பார்த்த ஜெசிந்தாவை விரும்பினார். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், கிறிஸ்துவக் குடும்பம். அக்காவின் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: அந்தக் கல்யாணத்துக்கு இந்த வீட்டிலிருந்து ஒரு காக்கையும் போகக் கூடாது. அக்கா போகவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் குமரேசன் போன் செய்து, சீர் செய்ய நீ மட்டுமாவது வா என்று கெஞ்சியிருக்கிறார். அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார். அக்கா பதில் பேசாமல் போனை வைத்துவிட்டார். சீர் செய்ய வராதவள் வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று தம்பி சொல்லி அனுப்பிவிட்டார். சொன்னபடியே மிதிக்கவும் இல்லை. அப்பா போனபோதுகூட நேராகச் சுடுகாட்டுக்கு வந்து, அப்படியே போய்விட்டாராம்.

“போன்ல எல்லாம் நல்லாத்தான் பேசுவானுங்க. ஒடம்பு எப்படி இருக்குதுன்னு கேப்பான். நெருப்பெரிச்சல் ஊர்லதான் இருக்கறான், கூப்படற தூரம். ஊட்டுக்கு மட்டும் வர மாட்டான்” என்றார் அக்கா. “இப்பவாச்சும் அந்தச் சீரச் செஞ்சு போடலாம்னு எத்தனையோ பேர்த்தக் கேட்டுப் பாத்துட்டனுங்க. கண்ணாலம் ஆனவனுக்கு எப்படி இணைச்சீரு செய்யறதுன்னு சிரிக்கறாங்க. அதுதான் இங்க வந்து ஆராருக்கோ செஞ்சுட்டு இருக்கறேன்.”

நித்யா இன்டர்நெட்டில் போட்ட படத்தில் அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் குமரேசன் வர ஆரம்பித்தாராம். மாதா மாதம் வருவார். தனக்குக் கிடைக்காத சீர் வேறு யாருக்கோ நடப்பதைக் கேட்டுக்கு வெளியே நின்று பார்ப்பார். போய்விடுவார். மியூசியம் வாசலும் ஒரு வாசல்தானே... மிதிக்க மனம் வரவில்லை போல.

அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தகை அதிகமாகிவிட்டது என்று வீட்டம்மா சொன்னாள். கல்யாணமானவனுக்குச் சீர் செய்ய முடியாது என்கிறார்கள். சரி. அப்படியானால் நான் யார்? கல்யாணமாகி, பேரன் எடுத்து, இரண்டு மாதமாக முக்காலியில் உட்கார்ந்து சீர் வாங்குகிறேனே! உலகத்திலேயே கல்யாணமானவனுக்கு இணைச்சீர் நடக்கிற ஒரே இடம் அந்த மியூசியம் வீடுதான். அந்த ஒரே இடத்தில் ஒரே முக்காலி. அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எழுந்தால்தான் காலியாகும். எழுந்திருக்க எனக்கு மனமே இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிறு முட்டிக்கு ஒரு பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு போனேன். நொண்டிக்கொண்டே நித்யாவிடம் போய், என்னால் உட்கார முடியாது என்றேன். அவள் முகம் வாடிப் போனது. பாவமாகத்தான் இருந்தது. அங்கேயிருந்து நொண்டிக்கொண்டே கேட்டுக்கு வெளியே வந்து, ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றேன்.

மாப்பிள்ளையாக யாராவது வரலாம் என்று நித்யா மைக்கில் கூப்பிட்டாள். ஒருவரும் அசையவில்லை. அக்கா கூடையை வைத்துக்கொண்டு காலி முக்காலிக்குப் பக்கத்தில் தனியாக நின்றார்.

“தம்பி, எனக்கு முட்டி வலிங்க. நீங்க போயி உக்காருங்களேன்” என்றேன்.

குமரேசன் என்னைப் பார்த்தார். பேண்டேஜைப் பார்த்தார். “எனக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்க” என்றார்.

“எனக்கு மட்டும் ஆகலைங்களா?”

அவர் சிரிக்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்சீட்டிலிருந்து ஜெசிந்தா இறங்கி வந்து அவர் கையிலிருந்த ஹெல்மெட்டை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“போங்க. வண்டிய நான் பாத்துக்கிடுதேன்.”

செருப்பைக் கேட்டிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனார் குமரேசன்.

நானும் ஜெசிந்தாவும் வெளியே நின்று பார்த்தோம். அக்கா சேலை நுனியைத் தம்பியின் கையில் கொடுத்தார். அதன் பிறகு அவர் கேட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. சேலை இழுபடாமல் அப்படியே கிடந்தது. அருமைக்காரர் அருகம்புல்லைப் பாலில் தொட்டுவிட்டு நிமிர்ந்தார். குமரேசன் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவர் சட்டையில் மாட்டியிருந்த மைக் வழியாக, அவர் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

“ஏஞ் சாமி, வெச்சுரட்டுமா?”

அக்கா தலையை ஆட்டினார். அருமைக்காரர் அருகை இருவர் தலையிலும் வைத்தார். ஜெசிந்தா ஹெல்மெட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதார். செய்முறை நிறைவடைந்தது என்று நித்யா அறிவித்தாள். முன் வரிசை பையர்கள் கைதட்டி, செல்போனில் படம் எடுத்தார்கள். ரொம்ப இயல்பாக நடித்தார்கள் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் அக்காவும் தம்பியும் ஒன்றாக வெளியே வந்தார்கள். அக்கா நேராகப் போய் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் வீட்டுக்கு வர வேண்டும், இப்போதே வர வேண்டும் என்றார். மூன்று பேரும் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே நடந்து போனார்கள். பக்கத்தில் பேண்டேஜோடு நின்ற பழைய மாப்பிள்ளையை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்காததுதான் நியாயம். ஆனாலும் கை வெறுமையாக இருந்தது. அன்றைக்குச் சந்தகைகூட வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாத்தியக்காவுக்குப் போன் செய்தேன். பொங்கல் தீபாவளி தவிர நான் கூப்பிட்டதில்லை. யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினாள். ஒன்றுமில்லை என்றேன். என்ன கேட்பது என்று தெரியாமல், என் கல்யாணத்தன்று அந்த ஊத்துக்குளி பஸ் கிடைத்ததா என்று கேட்டேன்.

“அது எங்க கண்ணு கெடச்சுது? அது போயிட்டதத்தான் கடியாரத்துல பாத்துட்டு இருந்தேன். அதுக்குன்னு உனக்கு அருகு வெக்காம எந்திரிச்சுப் போயிருவனா? அப்பறம் பால் வண்டில ஏறிப் போயி, உன்ற மாமங்கிட்ட வாங்குன பேச்சு எனக்குத்தான் தெரியும்.”

இத்தனை வருஷமாக, நானும் அக்காவைப் பார்க்காமல் அந்தக் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.