அத்தையின் பத்தொன்பது

என் அண்ணன் மாஃபிக்கு இருபத்தொரு வயது நிறைந்த அன்று காலை, ஆனாசெய்னி அத்தையின் சுகர் மெஷின் பத்தொன்பது காட்டியது.

எங்கள் தீவில் மெஷின்கள் சின்ன எண்களில்தான் பேசும். ஐந்து, ஆறு என்றால் சமர்த்து. பத்தைத் தாண்டினால் நர்ஸ் முறைப்பாள். பத்தொன்பது என்றால் முறைக்கக்கூட மாட்டாள், நேரே கட்டிலைக் காட்டுவாள். அத்தை கண்ணைச் சுருக்கி எண்ணை இரண்டு முறை பார்த்தாள். பிறகு இன்சுலினை வழக்கத்தைவிடக் கூட்டி எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டாள்.

இன்னொரு தடவை பார்த்துவிடலாமா என்று கேட்டேன்.

"ஒரு ஸ்ட்ரிப்பு என்ன வெலைன்னு தெரியுமாடி உனக்கு? உங்கப்பன் வீட்டு மரத்துல காய்க்குதா?"

விலை தெரியும். ஒரு டப்பா ஸ்ட்ரிப் வாங்குகிற காசில் பங்காய் டவுன் கடையில் ஒரு பெட்டி கோழிக்கால் வாங்கலாம். கோழிக்கால் பெட்டி ஒரு வீட்டுக்கே ஆகும். ஸ்ட்ரிப் டப்பா ஒரே ஒரு விரலுக்கு. கிளினிக் நாளில் ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்ப்பார்கள். மற்ற நாட்களில் நம் சர்க்கரை எங்கே சுற்றுகிறது என்பது நம் பாடு. அதனால் ஊரில் பாதிப்பேர் குத்துமதிப்பாக வாழ்கிறார்கள். நாக்கு வறண்டால் ஏறிவிட்டது, கை நடுங்கினால் இறங்கிவிட்டது. அத்தையும் அப்படித்தான் இருந்தாள், இடது காலின் சுண்டுவிரலை எடுக்கும்வரை. விரலைப் பற்றி யாராவது பரிதாபமாகக் கேட்டால், "அது முன்னாடியே போயி சொர்க்கத்துல எனக்குப் பாய் விரிச்சு வச்சிருக்கு" என்பாள்.

பிழைப்புக்கு அத்தை பள்ளிக்கூட வாசலில் கேகே பொரித்து விற்கிறாள். மாவையும் பழுத்த வாழைப்பழத்தையும் சர்க்கரையையும் பிசைந்து, உருட்டி எண்ணெயில் போட்டால் கேகே. ஊர்ப் பிள்ளைகளுக்குச் சர்க்கரையை ஊட்டி, அந்தக் காசில் தன் சர்க்கரையைக் கட்டி ஆள்கிறாள். ஒரு உருண்டைகூட வாயில் போட மாட்டாள். இனிப்பு போதுமா என்று ருசி பார்ப்பது என் வேலை. படிப்பை விட்ட பிறகு எனக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம் அது. சம்பளம் திட்டு.

அத்தையின் திட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை திட்டுவாள். கோழியைத் திட்டுவாள், அடுப்பைத் திட்டுவாள், அலை சத்தமாக வந்தால் கடலைத் திட்டுவாள். மாசியில் ஒருநாள் அடுப்படியில் திடீரென்று என்னைப் பார்த்து, "லேசி கண்ணு, சாப்பிட்டியாம்மா?" என்றாள். நான் சிரித்தேன். அடுத்த நிமிடம் கீழே கிடந்தாள். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. வாயில் சீனியைத் திணித்து உதட்டைத் தேய்த்த பிறகுதான் கண் திறந்தாள். அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த வைத்தியம் இதுதான்: அத்தை திட்டினால் பிழைத்துக்கொள்வாள். கொஞ்சினால் ஓடு.

அண்ணனின் பிறந்தநாள் விருந்துக்கு மூன்று வாரம் முன்பு, ஆக்லாந்தில் வண்டி ஓட்டும் அவள் மகன் ஒரு டப்பா ஸ்ட்ரிப் கப்பலில் அனுப்பியிருந்தான். வேறு வீடாக இருந்தால் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். அத்தைக்கு அது வராது. வந்ததில் பாதி வெளியே போனால்தான் வந்ததாகக் கணக்கு. போதகரம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. அவருக்குப் பாதி கொடுப்பது என்று முடிவாயிற்று. காற்றுப் புகாமல் மூடும் அந்த நல்ல டப்பாவில் பாதி ஸ்ட்ரிப்பை வைத்து, ரிப்பன் கட்டிப் போதகரம்மா வீட்டுக்கு அனுப்பினாள். மீதியைக் கைக்குட்டையில் முடிந்து, கேகே பொரிக்கும் அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டினாள். டப்பாவை நீங்க வச்சுக்கிட்டு அவங்களுக்கு முடிச்சுல குடுத்தா என்ன என்று கேட்டேன். போதகரம்மாவுக்குக் கந்தல்ல முடிஞ்சு குடுக்கச் சொல்றியா, உன்னைப் பெத்தாளா செஞ்சாளா என்று ஆரம்பித்து மத்தியானம்வரை ஓடியது.

டப்பாவை விட்டு வெளியே வந்த ஸ்ட்ரிப்புக்கு ஈரம் பட்டால் புத்தி கெட்டுவிடும், வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். இது டப்பாவிலேயே எழுதியிருந்தது. எறும்பு எழுத்து. அத்தைக்குக் கண் போதாது, எனக்குப் பொறுமை போதாது. மூன்று வாரமாக அந்த முடிச்சு கடல்காற்றையும் அடுப்பு ஆவியையும் குடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து எடுத்ததுதான் பத்தொன்பது சொன்ன ஸ்ட்ரிப்.

சர்ச் கூடத்தில் விருந்து. அப்பாவின் அக்கா என்பதால் அண்ணனுக்கு அத்தைதான் ஃபாஹு. அதாவது அன்றைக்கு அவளுக்கு மேலே சாமி மட்டும்தான். மேடையில் அண்ணனுக்குப் பக்கத்தில் பாய்மேல் பாயாக அடுக்கி அவளை உட்காரவைத்தார்கள். முதல் மரியாதை, பெரிய பன்றி, பெரிய கேக் எல்லாம் அவளுக்கு. கேக் மூன்று அடுக்கு. பங்காயிலிருந்து பிக்கப் வண்டியில் அப்பா மடியில் வைத்துக்கொண்டு வந்தது. அதன் விலைக்கு மூன்று டப்பா ஸ்ட்ரிப் வாங்கலாம். ஆனால் மூன்று டப்பாவை அடுக்கி மேலே மெழுகுவர்த்தி ஏற்றினால் ஊர் சிரிக்கும்.

மேசை நிறைய சாப்பாடு. யாரும் தொடவில்லை. ஊர் நிலத்துக்கெல்லாம் உடையவரான பிரபு வர வேண்டும். அவர் படகு, கடலில் தண்ணீர் ஏறுவதற்காக அடுத்த தீவில் காத்திருந்தது. அவர் வராமல் ஜெபம் இல்லை, ஜெபம் இல்லாமல் ஒரு வாய் இல்லை. பாட்டுக்குழு பாடியது. யாரோ பேசினார்கள். பாட்டுக்குழு மறுபடி பாடியது. நான் மேடையின் ஓரத்தில், அத்தையின் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூடையில் மெஷினும் கைக்குட்டை முடிச்சும் இருந்தன.

முதலில் அவள் மேலுதட்டில் வியர்வையைப் பார்த்தேன். கூடத்தில் எல்லாருக்கும் வியர்த்தது. ஆனால் அத்தைக்கு மழை பெய்த மாதிரி. மேசையிலிருந்த தர்பூசணி ஜூஸ் ஜாடியிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றி, குனிந்துபோய் நீட்டினேன்.

"ஜெபத்துக்கு முன்னாடி குடிக்கச் சொல்றியா? அதுவும் பத்தொம்போதுல? என்னைக் கொன்னுட்டு என் பாயெல்லாம் எடுத்துக்கலாம்னு பாக்குறியாடி, திருட்டுக் கழுதை?"

திட்டினாள். நிம்மதியாகத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அந்த நிம்மதி ஒரு பாட்டு நேரம்கூடத் தாங்கவில்லை. அவள் கை பாயின் ஓரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டது. கண் கேக்கைப் பார்த்தது, ஆனால் கேக்கில் நிற்கவில்லை. முடிச்சிலிருந்து இன்னொரு ஸ்ட்ரிப் எடுத்துப் பார்க்கலாம் என்று மறுபடி போனேன். விரலைக் கொடுத்தாள். மெஷின் பதினெட்டு என்றது. அப்படியென்றால் இது ஏற்றம். இனிப்புக் கொடுத்தால் நான்தான் கொலைகாரி. நர்ஸைக் கூப்பிடலாம் என்றால் அவள் அந்தப் படகில்தான் வருகிறாள்.

அப்போது அத்தை என் கன்னத்தைத் தொட்டாள்.

"லேசி கண்ணு," என்றாள். "நீ ரொம்ப நல்ல பொண்ணும்மா."

மெஷின் பதினெட்டு என்கிறது, அத்தை கண்ணு என்கிறாள். இரண்டில் ஒன்று பொய். என்னையே நல்ல பொண்ணு என்கிறாள் என்றால், பொய் சொல்வது மெஷின்தான்.

கிளாஸை மறுபடி வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கி, மெதுவாகத் தலையை ஆட்டினாள். அந்த மயக்கத்திலும் ஜெபத்துக்கு முன்னால் குடிக்கமாட்டாளாம். ஃபாஹுவின் வாயைப் பிடித்துத் திறக்க அந்தக் கூடத்தில் யாருக்கும் உரிமை இல்லை. அப்பா எதிர்க்கோடியில் நின்றார். அக்காவும் தம்பியும் வளர்ந்துவிட்டால் எங்களில் கிட்டே வர முடியாது, நேராகப் பேச முடியாது, உடம்பைப் பற்றி வாயே திறக்க முடியாது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் தன் மேலுதட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் வியர்வை இல்லை.

பிரபு வரும்வரை ஆட்டம் பார்க்கலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். என் தங்கை எண்ணெய் பூசிய கையும் காலுமாக நடுவில் வந்தாள். ஒரு பெண் அடக்கமாக ஆடும்போது சுற்றி நாலுபேர் கோமாளித்தனமாகக் குதிப்பது எங்கள் வழக்கம். அவள் அழகு இன்னும் கூடித் தெரிவதற்காக. இந்த வேலைக்கு ஊரில் என்னைக் கேட்காமலே என் பெயரைப் போட்டுவிடுவார்கள்.

எழுந்தேன். ஊளையிட்டுக்கொண்டு மேசையைச் சுற்றி ஒரு குதி குதித்தேன். கூடம் சிரித்தது. இரண்டாவது குதியில் கேக்கின் நடு அடுக்கில் கையை முழங்கைவரை விட்டேன்.

சிரிப்பு பாதியில் நின்றது. மாஃபி பல்லைக் கடித்துக்கொண்டு, செத்தடி நீ என்றான். நான் நிற்கவில்லை. ஆடிக்கொண்டே போய் ஒரு கை நிறைய ஐசிங்கை அத்தையின் வாயில் அப்பினேன். மூக்கிலும் கொஞ்சம். யாரோ ஒரு கிழவர், ஃபாஹுவின் முகத்தைத் தொடுகிறாளே என்று எழுந்தார். பாட்டுக்குழு மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் பாடிக்கொண்டே இருந்தது. நான் அத்தையின் உதட்டை விரலால் உள்ளே தேய்த்தேன், ஈறில், கன்னத்துக்குள். நக்கு அத்தை, நக்கு, நக்கு என்று பாட்டுத் தாளத்திலேயே சொன்னேன். நாக்கு வெளியே வந்தது. இன்னொரு கை ஐசிங். யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்த கையை இன்னொரு கை தட்டிவிட்டது. அது போதகரம்மாவின் கை.

போதகரம்மா கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்தார். ரிப்பன் இன்னும் அவிழாமல் டப்பாவின் கழுத்தில் தொங்கியது. அதிலிருந்து ஒரு ஸ்ட்ரிப்பை அதே மெஷினில் போட்டு அத்தையின் விரலைக் குத்தினார். இரண்டு புள்ளி நாலு.

"ஐசிங் உள்ள போயும் ரெண்டா?" என்றார் மெதுவாக. பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தார். "ஜெபம் பண்ணுங்க. இப்பவே."

பிரபு இன்னும் வரலையே என்றார் போதகர். போதகரம்மா அவரைப் பார்த்த பார்வையில், என் வாழ்நாளிலேயே சின்ன ஜெபம் ஒன்றைக் கேட்டேன். ஆமென் முடிவதற்குள் தர்பூசணிக் கிளாஸ் அத்தையின் வாயில் இருந்தது. இந்தமுறை குடித்தாள். ஒரு கிளாஸ், இன்னொன்று. நான் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஐசிங் காய்ந்து இரண்டு கையும் ஒட்டிக்கொண்டது. ஊர் முழுக்கச் சாப்பாட்டைத் தொடாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தையின் கண் மெல்ல என்மேல் வந்து நின்றது.

"மூதேவி," என்றாள். "என் கேக்க என்னடி பண்ணி வச்சிருக்க?"

நான் அழுததாக மாஃபி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். கண்ணில் ஐசிங் பட்டிருந்தது.

மறுநாள் அத்தை வீட்டில், முடிச்சில் மீந்திருந்த ஸ்ட்ரிப் ஒன்றில் என் ரத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். பதினேழு. எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. அத்தையிடம் காட்டினேன். "அது சர்க்கரை இல்லடி, உன் திமிரு" என்றாள். ஆனால் முடிச்சைத் தானே அவிழ்த்து அடுப்பில் போட்டாள். போட்டுவிட்டு, கோழிக்கால் பெட்டி ஒன்று எரிவதுபோல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதகரம்மா டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் அத்தை அத்தையே அல்ல. கடைசியில், டப்பா போதகரம்மாவுடையதாகவே இருப்பது, அவர் தினமும் காலையில் கேகே அடுப்புக்கு அதைத் தூக்கிக்கொண்டு வருவது, இருவரும் அங்கேயே விரலைக் குத்திக்கொள்வது என்று ஏற்பாடு. அதுவும் எத்தனை நாளைக்கு? இரண்டு விரலுக்கு அந்த டப்பா மாதக்கடைசியைப் பார்க்காது.

அன்று மாலை அப்பா வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வெளியே சுவரோரம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றார். உள்ளே அத்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நடுவில் நான். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும்.

"அத்தைக்கு இனிமே வருஷா வருஷம் என்ன சீர் செய்யணும்னு கேளு," என்றார் அப்பா.

"கேகே விக்கிற பொம்பளைக்குக் கேக் எதுக்கு, அந்தக் காசுல டப்பா வாங்கிட்டா ஆச்சுன்னு சொல்லுங்க அத்தை," என்று நானே எடுத்துக்கொடுத்தேன்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் ஃபாஹுடி. கேக்கும் வரணும். டப்பாவும் வரணும், மூடியோட. கப்பலுக்குக் கப்பல் வரணும். உங்கப்பன்கிட்ட சொல்லு."

அப்பாவுக்கு ஒரு பெட்டிக் கோழிக்கால் வாங்குவதே எப்போதும் யோசனைதான். ஆனால் ஃபாஹு கேட்டால் இல்லை என்ற சொல் எங்கள் வீட்டில் கிடையாது. அது அத்தைக்கும் தெரியும். தம்பியிடம் அவள் இதுவரை எதுவும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சரின்னு சொல்லு," என்றார் அப்பா.

"சரியாம் அத்தை."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. செவிடா நானு? போயி மாவைப் பிசைடி, வெட்டிக் கழுதை."