போனை எடுத்தது யாரு?

இன்டர்நெட் முதன்முதலில் எங்கள் வீட்டுக்குக் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டுதான் வந்தது. முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர், உள்ளறையில் போன், எல்லாவற்றுக்கும் ஒரே லைன். உள்ளே யாராவது ரிசீவரைத் தூக்கினால் போதும், வெளியே நெட் செத்துவிடும். அந்த பிரவுசிங் சென்டரை நடத்தியவள் என் அக்கா. அவளைப் போட்டு அடித்தவர் அவள் புருஷன், லாரி டிரைவர். மாமா என்று கூப்பிட எனக்கு வாய் கூசும். கூப்பிட்டுத் தொலைத்தேன்.

அக்காவின் அலறல் தெருமுனை வரை கேட்கும். ஒருத்தராவது எட்டிப் பார்க்க வேண்டுமே! எதிர்வீட்டு டீச்சரம்மா, "அது அவங்க குடும்ப விஷயம்" என்று ஜன்னலைச் சாத்திவிடுவார். நான் குறுக்கே போனால் எனக்கும் சேர்த்து விழும்.

ஒரு நாள் மாமா அவள் தலையைச் சுவரில் மோதினார். அவள் கை பட்டு ரிசீவர் கீழே விழுந்தது. முன்னறையில் மகளின் பரீட்சை ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தார் கறிக்கடைக்காரர். பாதிப் பக்கம் வந்த நேரத்தில் லைன் போனால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

"எவன்டா போனை எடுத்தது?" என்று உள்ளே பாய்ந்தவர் ரத்தத்தைப் பார்த்து நின்றார்.

"சும்மா பேசிட்டிருந்தோம் அண்ணே" என்று மாமா பல்லை இளித்தார். அக்கா மேல் ஓங்கிய கை தானாக இறங்கியது.

அன்றிலிருந்து முதல் அடி விழுந்ததுமே அக்கா ரிசீவரைத் தட்டிவிடுவாள். அவள் உயிருக்கு வராத ஜனம் நெட்டுக்கு ஓடி வந்தது. எனக்கு வயிறெரியும். ஆனாலும் வந்தார்களே, அது போதும்.

அப்புறம் ஆளாளுக்குக் கையில் போன் வந்தது. சென்டர் படுத்தது. அதே முன்னறையில் நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கம்பெனிக்கு டைப் அடிக்கிறேன். உள்ளே போன் இருந்த சுவரில் வைஃபை பெட்டி. லாரியை விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்த மாமாவுக்குக் கொண்டாட்டம்தான். "இப்ப எதைடி தட்டிவிடுவ?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாராம்; ஹெட்போன் மாட்டிய என் காதில் விழவில்லை.

போன வாரம் வேலைக்கு நடுவில் நெட் போனது. கடுப்போடு ஹெட்போனைக் கழற்றினேன். உள்ளே தரையில் கால் உதைக்கும் சத்தம். ஓடினேன். பாவி, சார்ஜர் வயரை அக்காவின் கழுத்தில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். அவள் முகம் நீலம் பாரித்திருந்தது. அவள் கையில், சுவரிலிருந்து பிய்த்த வைஃபை பெட்டி.

பழைய போன் இன்னும் அலமாரியில்தான் கிடந்தது. நல்ல கனம். எடுத்து அவர் மணிக்கட்டில் ஒன்று போட்டேன். எலும்பு முறிந்தது என் காதில் கேட்டது. ஆத்திரம் அடங்கவில்லை. முட்டியில் இன்னொன்று போட்டேன்.

"ஐயோ, கொல்றாளே! யாராவது வாங்களேன்!" என்று மாமா ஜன்னல் பக்கம் தவழ்ந்துபோய் அலறினார்.

எதிர்வீட்டு டீச்சரம்மா தலையை நீட்டினார். இருமிக்கொண்டிருந்த அக்காவின் கழுத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"அது அவங்க குடும்ப விஷயம்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.